சரக்கு எங்கிருந்து

சுரப்புத்தகத்தில் இருநூற்றுப் பதினாலாம் பக்கம்.
வலது மூலையில்
கண்ணாடி போட்டாலும் கண் சுருக்க வேண்டிய எழுத்தில்:
ஐரிஷ் பழமெட்டு.
அவ்வளவுதான். ஆளில்லை, ஆண்டில்லை.

களியக்காவிளைச் சோதனைச் சாவடியில்
இருபத்தாறு வருஷம் பேரேடு எழுதியவன் நான்.
ஞாயிறுகளில் ஆர்கன்.
மரச்சீனி மூடை, ரப்பர் ஷீட், நேந்திரங்குலை,
வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு வரும் மீன்வண்டி,
எது வந்து நின்றாலும் முதல் கேள்வி ஒன்றே:
சரக்கு எங்கிருந்து?
சாவடியை மூடிவிட்டார்கள்.
கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

யேசுவடியான் ஒத்துக்கொள்ளவில்லை.
பால்வெட்டு முடிந்து, குளித்தும் போகாத ரப்பர் வாடையோடு
கொயர் பயிற்சிக்கு வருகிறவர்.
"இது மோகனமாக்கும் ஓய்.
மத்திமம் உண்டா? நிஷாதம் உண்டா?
சாயிப்பு இங்கேருந்து கொண்டுபோய்
அங்கே சீல் குத்தித் திருப்பி அனுப்பியிருக்கான்."

புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.
மூன்றாம் அடியில் ஒரு நிஷாதம்,
குலைகளுக்கு அடியில் ஒளித்த ஸ்பிரிட் கேன் மாதிரி.
நெடுநேரம் பார்த்தார்.
"இதை யாராக்கும் பாடினது?"

யாருமில்லை.
அந்த ஞாயிறு காது கொடுத்தேன்.
இடம் வந்ததும் சபை முழுக்க
தைவதத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஒரே தாவல்.
நான் நிஷாதத்தை அழுத்தினேன்.
ஆர்கன் தனியே நின்றது.
முன்வரிசையில் புஷ்பாபாய்,
அண்டியாபீசில் கறை ஏறிய விரல்களுக்கிடையே பாட்டுப்புத்தகம்,
ஒரு கணம் வாயை மூடி என்னைப் பார்த்தாள்:
எடை குறைத்துச் சொன்ன மேஸ்திரியைப் பார்க்கிற பார்வை.

மெர்லினுக்கு எழுதினேன்.
பாறசாலைக்காரி, எங்கள் பழைய ஆல்டோ,
இப்போது கார்க் நகரத்தில் முதியோர் விடுதியில் இரவு நர்ஸ்.
அங்கே யாருக்காவது பாடிக் காட்டு, மோளே.
பதில் குரலாக வந்தது. பின்னணியில் மழை.
இங்கேயும் மழை. எது எந்த மழையென்று பிரிக்க முடியவில்லை.

ஏழாம் படுக்கையில் ஒருவராம்,
கல்யாண ஆட்டத்துக்கெல்லாம் பிடில் வாசித்தவராம்,
இப்போது கரண்டி பிடிக்கவும் கை வழங்காதாம்.
கண்மூடிக் கேட்டிருக்கிறார்.
இன்னொரு தரம் என்று சைகை.
போர்வைமேல் இரண்டு விரல் தாளம்.
பிறகு கேட்டாராம்:
நல்லாயிருக்கு, உங்க ஊர்ப் பாட்டா?

"நான் என்ன சொல்ல, மாமா," என்று சிரித்தாள்.
"ஆமான்னு சொல்லிட்டேன்."

அவள் முனகியதைத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.
மூன்றாம் அடியில் அதே தாவல்.
நாங்கள் விட்ட சுரத்தோடு பாடியிருந்தால்
எழுந்து உட்கார்ந்திருப்பாரோ?
அந்த நிஷாதத்தைப் போட்டு மறுபடி பாடு என்று
சுரம் எழுதி அனுப்பினேன்.
வெள்ளிக்கிழமையே விரிப்பு மாற்றிவிட்டோம், மாமா,
என்று வந்தது பதில்.

ஐரிஷ் என்று முதலில் எழுதியவனை நினைத்துக்கொண்டு
அன்று தூங்கவில்லை.
சந்தையில் யாரோ பாடக் கேட்டிருப்பான்.
பாடியவன் கப்பல்காரனிடம் பிடித்திருக்கலாம்,
கப்பல்காரன் எந்தத் துறைமுகத்திலோ, எந்தக் கடன்காரியிடமோ.
பெட்டியில் ஊர் எழுதாமல் அச்சுக்குப் போகாது.
எழுதிவிட்டான்.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
ஆனி மாசத்து ராத்திரி, நாற்பது லாரி வரிசை, கரண்டு இல்லை,
எவனோ புனலூர் என்றான்,
டார்ச் அடித்துப் பார்க்காமலே புனலூர் என்று எழுதினேன்.
ஓரத்தில் மட்டும் இரண்டு வார்த்தை சேர்ப்பேன்,
நாளைக்கு ஆடிட் வந்தால் தலை தப்ப.

பென்சில் சீவினேன்.
இருநூற்றுப் பதினாலில் எதையும் அடிக்கவில்லை.
வலது மூலையில், அந்த எழுத்துக்கு அடியில்:
ஓட்டுநர் சொன்னபடி.

யேசுவடியான் புத்தகத்தைத் தூக்கி
வெளிச்சத்துக்குச் சாய்த்துப் படித்தார்.
பக்கத்து ஓரத்தில் பெருவிரல் பால்கறை ஒட்டிற்று.
"சரி ஓய்," என்றார்.
"சரக்கு இறக்கின எடத்துக்கும் ஒரு கட்டம் உண்டுல்லா?"